இடப்பக்கம் சுற்றிய முத்துராக்கு

நெடுமடைக் கண்மாய் உறைந்துபோனது எந்த வருஷம் என்று கேட்டால், அம்பலக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் அடிப்பிடித்த வருஷம் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம், ஏனென்றால் அப்போது எங்களுக்கு அந்தப் பாயசம்தான் பெரிய பேச்சாக இருந்தது, கண்மாய் அதற்கு மறுநாள்தான் உறைந்தது. ஐப்பசியில் மழை பெய்து, கார்த்திகையில் கரை தொட நிரம்பி, கலுங்கில் தண்ணீர் வழிந்து நின்ற கண்மாயில், மார்கழி பிறந்த அன்று காலை முகம் கழுவப் போனவர்கள் குனிந்து கையை விட்டார்கள், தண்ணீர் கையை உள்ளே விடவில்லை. தட்டிப் பார்த்தார்கள். நங்கென்று சத்தம் வந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, நடுவில் அய்யனார் இருக்கும் மண்திட்டைச் சுற்றிலும், கண்மாய் முழுக்க ஒரே பாளமாகப் பனிக்கட்டி கிடந்தது, மேலே வெயில் வழக்கம்போல் முதுகைச் சுட்டது, கொக்குகள் மட்டும் எங்கே நிற்பதென்று தெரியாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தன.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, எங்கள் முத்துராக்குவைப் பற்றி வேறு புத்தகங்களும் வந்திருக்கின்றன, வழுவழுப்பான தாளில், கலர் படத்தோடு. அவற்றில் விடாமுயற்சி இருக்கிறது, தன்னம்பிக்கை இருக்கிறது, காலையில் சீக்கிரம் எழுந்திருக்கச் சொல்கிற அறிவுரையும் இருக்கிறது. ஆடுகள் இல்லை, அய்யனார் இல்லை, ஊர்க்காரர்களாகிய நாங்களும் இல்லை. எங்களுக்கு அதில் வருத்தம்தான், மறைப்பானேன். அதனால் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

கண்மாய் உறைந்ததும் முதலில் எழுந்த கேள்வி பயிர் என்னாகும் என்பது. உடையப்பன் போய் மடையைத் திறந்து பார்த்தார். அவர்தான் ஊருக்கு நீர்பாய்ச்சி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து மடையைத் திறந்து அடைக்கிறவர். பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் இருந்தது, சில்லென்று, ஒழுங்காக வாய்க்காலில் ஓடியது. பயிருக்குக் குறைவில்லை என்றதும் பாதிக் கவலை போய்விட்டது. மீதிக் கவலை, இந்த ஐஸ் யாருக்குச் சொந்தம் என்பது. கண்மாய்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, கரையிலேயே நின்று, "தண்ணியா இருந்தா எங்க பொறுப்பு, கட்டியா இருந்தா யாரு பொறுப்புன்னு மேல கேட்டுத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். காலேஜ் வாத்தியார் ஒருவர் கொண்டுவந்த வெப்பமானி சூட்டைக் காட்டியது, அவர் விரல் குளிரில் விறைத்தது, எதை நம்புவதென்று தெரியாமல் எங்கள் மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு நாங்களே முடிவு செய்தோம். தண்ணீருக்கு என்ன முறையோ ஐஸுக்கும் அதே முறை. கண்மாயில் பாசன பாத்தியம் உள்ள குடும்பத்துக்கு, தண்ணீர் முறை வருகிற அன்று ஐஸும் முறை. நிலம் இல்லாதவர்களுக்குத் தண்ணீர் முறை கிடையாது, ஆகவே ஐஸில் கால் வைக்கவும் முறை கிடையாது. இது நியாயமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை, ஊருக்குத் தலைவரான அம்பலக்காரர் சேவுகப்பெருமாள் சொன்னார், எல்லோரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தோம். முறை வந்தவர்கள் மோர்ப்பானையை வைத்தார்கள், இளநீரை அடுக்கினார்கள், கல்யாணத்துக்குக் கட்டிய பூவை வாடாமல் வைத்தார்கள். ஒருவர் மத்தியானம் ஐஸின் மேல் படுத்துத் தூங்கி நெஞ்சுச் சளி பிடித்து ஊர் முழுக்க இருமிக்கொண்டு திரிந்தார். ஒன்றும் செய்யத் தெரியாதவர்களும், முறையை விட்டுவிடக் கூடாதே என்று, நாற்காலி கொண்டுபோய்ப் போட்டுக் காலையிலிருந்து பொழுது சாயும் வரை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பங்குனி வெயிலில் ஒருநாள் ஐஸ் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரானது, அடுத்த மார்கழியில் திரும்ப வந்தது, அதற்கடுத்த மார்கழியிலும் வந்தது, மாரியம்மன் கோயில் கொடியேற்றம் வருவதைப் போல அதுவும் வருஷத்தில் வருகிற ஒன்றாகிவிட்டது.

மாயழகுவுக்கு நிலம் கிடையாது. அவர் கிடைக்காரர், அறுவடை முடிந்த காலத்தில் அவருடைய ஆடுகளை ராத்திரியில் எங்கள் வயல்களில் அடைத்து வைப்பார், ஆடுகளின் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும், அதற்குக் கூலியாக அடுத்த தை அறுப்பில் நெல் அளப்போம். எங்கள் சோற்றில் மாயழகுவின் ஆடுகளுக்குப் பங்கு உண்டு என்றாலும் எங்கள் கண்மாயில் மாயழகுவுக்குப் பங்கு இல்லை. அவருடைய மகள்தான் முத்துராக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆட்டுக்குப் பின்னால், ஆடு அடைந்தால் புத்தகத்துக்கு முன்னால், இப்படி வளர்ந்த பெண். ஒரு தை மாதத்தில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி கரையிலிருந்து சறுக்கி ஐஸின் மேல் போய்விட, அதைப் பிடிக்க ராக்குவும் இறங்கினாள். விழுந்தாள், எழுந்தாள், திரும்ப விழுந்தாள். பிறகு உடம்பை முன்னால் வளைத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைப் பின்முதுகில் வைத்துக்கொண்டு ஒரு காலால் உந்தினாள், அவ்வளவுதான், குட்டியைத் தாண்டி, அய்யனார் திட்டைத் தாண்டி, மறுகரை மடை வரைக்கும் போய்விட்டாள். கரையில் நின்ற நாங்கள் வாயைப் பிளந்தோம். ஐஸைப் பார்த்து வாயைப் பிளக்காத ஊர், ராக்குவைப் பார்த்துப் பிளந்தது.

அன்றைக்கு ஐஸ் முறை அம்பலக்காரருடையது. உடையப்பன் அவள் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"முறையில்லாம எறங்கலாமா? இன்னைக்கி இவ எறங்குவா, நாளைக்கி ஊரே எறங்கும்" என்றார் உடையப்பன்.

"அய்யா, குட்டியப் பிடிக்கத்தான் போனேன்" என்றாள் ராக்கு. பிறகு, கேட்காமலே, "ஆனா நாளைக்கிக் குட்டி போகலேன்னாலும் நான் போவேன்" என்றாள்.

கூட்டம் சிரித்துவிட்டது, அம்பலக்காரரும் மீசைக்குள் சிரித்தார். ஆனால் மாயழகு சிரிக்கவில்லை. அவர் மகளின் முகத்தைப் பார்த்தார், அதில் என்ன கண்டாரோ, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்தின் நடுவே வந்தார். "அம்பலம், போன கோடையில உங்க வயல்ல கிடை போட்டேன், எல்லாரு வயல்லயுந்தான் போட்டேன். இந்த அறுப்புல எனக்கு நெல்லு அளக்க வேணாம். ஒரு ராத்திரி கிடைக்கி ஒரு நாள் ஐஸு முறைய எம்மகளுக்கு விட்டுக் குடுங்க" என்றார்.

நெல்லுக்குப் பதில் ஐஸ் கேட்கிற மனிதனை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. நல்ல பேரம் என்று எல்லோரும் அவசர அவசரமாக ஒத்துக்கொண்டோம், அவர் மனசு மாறுவதற்குள். வீட்டில் மாயழகுவின் மனைவி ஆவுடையா உலையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். "ஏ மனுசா, ஐஸப் பொங்கித் திங்கலாமா? கொழம்பு வச்சி ஊத்தலாமா? வருசம் பூராவும் என்னத்தப் போடுவேன் ஒலையில?" என்று அவள் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் கேப்பைக்கூழும் ஆட்டுப்பாலும்தான், ஆவுடையா மகளோடு சரியாகப் பேசவும் இல்லை.

மாயழகு பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவைப் பட்டறையில் கொடுத்து அறுத்து, தட்டி, ஓரத்தைத் தீட்டி, இரண்டு டயர் செருப்புகளுக்கு அடியில் ஒன்றொன்றாகப் பொருத்திக் கொடுத்தார். ராக்கு அதைக் காலில் கட்டிக்கொண்டு கண்மாயைச் சுற்றினாள். எப்படிச் சுற்றினாள் என்பது முக்கியம், பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள். நடுவில் திட்டில் அய்யனார் இருக்கிறார், சாமியைச் சுற்றுகிறவர்கள் சாமி வலது கைப்பக்கம் இருக்கும்படி வலமாகச் சுற்ற வேண்டும், இதை ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை, பால் குடிக்கும்போதே தெரிந்துவிடுகிற விஷயம். ஆகவே ராக்கு வலமாகச் சுற்றினாள். அந்தத் தையில் தொடங்கி, மாசி முழுக்க, அடுத்த மார்கழி முழுக்க வலமாகச் சுற்றினாள், வளைவில் இடது காலைத் தூக்கி வலது காலுக்கு மேலாகப் போட்டு, சாமியின் பக்கம் சாய்ந்து, காற்று விசில் அடிக்கச் சுற்றினாள். கரையில் போகிற டவுன் பஸ்ஸை முந்தினாள், பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், டிரைவருக்கு மட்டும் கொஞ்சம் மனவருத்தம்.

செய்தி எங்கெங்கோ போய், லடாக்கிலிருந்து டோல்கர் என்கிற பயிற்சியாளர் வந்து இறங்கினார். பனிச்சறுக்கு ஓட்டத்தில் ஒரு காலத்தில் பேர் வாங்கிய பெண்மணி. கண்மாயைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவே இல்லை, குனிந்து ஐஸை நகத்தால் சுரண்டி, "நல்ல ஐஸ், எங்க ஊர்ல இப்படித்தான் இருக்கும்" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார், இந்த வெயிலை எப்படித் தாங்குகிறீர்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். எங்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கென்று பார்த்து மாயழகு வாங்கியிருந்தது பாதிக் கண்மாய் முறை, மீதிப் பாதி வேறொருவருடையது, அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதனால் ராக்கு கரையோரமாக நேர்கோட்டில் மட்டும் ஓடிக்காட்டினாள். டோல்கர் கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பப் பார்த்தார், அது நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துக் கேட்டார். அடுத்த மாதமே ராக்குவை வடக்கே மலைநாட்டில் நடந்த தேசியப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அங்கே நடந்ததை ராக்குவே எங்களிடம் சொல்லி அழுதிருக்கிறாள், இப்போது சொல்லிச் சிரிக்கிறாள். துப்பாக்கி வெடித்ததும் எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தாள். நேர்கோட்டில் அவளைப் பிடிக்க ஆளில்லை. முதல் வளைவு வந்தது. மற்றவர்கள் அத்தனை பேரும் இடது பக்கம் திரும்பினார்கள், எங்கள் ராக்கு வலது பக்கம் திரும்பினாள். இவர்களுக்கெல்லாம் வழி தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டுக்கொண்டே போய், ஓரத்தில் வைத்திருந்த மெத்தையில் தலைகுப்புற விழுந்தாள். உலகம் முழுக்க அந்த ஓட்டத்தை இடமாகத்தான் ஓடுவார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அது தெரியாமல் ஒரு பெண் இருப்பாள் என்பது டோல்கருக்குத் தெரியாது.

டோல்கர் அவளைத் தூக்கி நிறுத்தி, "உன் காலு ரெண்டும் தங்கம். ஆனா தப்பான பக்கம் படிச்சிருக்கு. ஊருக்குப் போ, இடப்பக்கம் சுத்து, அடுத்த வருஷம் கூப்பிடறேன். அப்பவும் இப்படின்னா, அதுக்கு மேல என்னால கேக்க முடியாது" என்றார். ஆக ஒரே ஒரு வாய்ப்பு, ஒரே ஒரு பனிக்காலம்.

மார்கழி பிறந்தது, ஐஸ் வந்தது, ராக்கு இறங்கி இடமாகச் சுற்ற ஆரம்பித்தாள். பாதிச் சுற்று முடிவதற்குள் உடையப்பன் கரையில் விழுந்தடித்து ஓடி வந்தார். "அடியே, நிறுத்துடி! எழவு வீட்டுலதான் எடஞ்சுத்துவாக! அய்யனாருக்கு எடஞ்சுத்துனா ஊரு வெளங்குமா?" அன்று சாயங்காலமே கூட்டம். அய்யனார் காவல் தெய்வம், கண்மாய் அவருடையது, மழை அவர் விட்ட மழை. அவருக்கு அபசகுனமாக ஒரு பெண்பிள்ளை தினமும் இடம் சுற்றுவதை எப்படி விடுவது? அம்பலக்காரருக்கும் மனசில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: வலம் சுற்றுவதென்றால் சுற்றலாம், இடம் சுற்றுவதென்றால் ஐஸில் கால் வைக்கக் கூடாது. எங்களில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை, அவளுக்காக வருத்தப்பட்டோம், அவளுக்காகச் சாமியைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

ராக்கு அந்தச் செருப்புகளைக் கழற்றி ஆட்டுப்பட்டியில் தொங்கவிட்டாள். சாப்பிடவில்லை. ஆடுகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மாயழகு போய்க் கூப்பிட்டார், எழவில்லை. ஆவுடையா கூழைக் கொண்டுபோய் வைத்தாள், அது ஏடு கட்டிப்போயிற்று. ஐஸைப் பொங்கித் தின்ன முடியுமா என்று ஊரைக் கூட்டிய தாய், மகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மறுபடி கூடியிருந்த ஊர்க்கூட்டத்துக்கு நடந்தாள். கிடைக்கார வீட்டுப் பெண் கூட்டத்தில் பேசுகிற வழக்கமெல்லாம் கிடையாது. ஆவுடையா வழக்கத்தையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"அம்பலம், சித்த எந்திரிச்சு நடுவுல வந்து நில்லுங்க" என்றாள்.

"என்னத்துக்கு?" என்றார் அம்பலக்காரர்.

"நீங்கதான் அய்யனாரு. வந்து நில்லுங்க."

சாமி என்று சொன்னபிறகு யாரால் மறுக்க முடியும், அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடுவில் வந்து நின்றார், தெரியாமலே மார்பையும் கொஞ்சம் நிமிர்த்தினார். ஆவுடையா அவரைச் சுற்றி இடமாக நடந்தாள். "சாமி எந்தக் கைப் பக்கம் இருக்காரு?"

"எடது கைப் பக்கம்" என்றோம். அதுதானே பிரச்சினை.

"இப்பச் சாமி அந்தத் தூணுகிட்டப் போயி நில்லுங்க." அம்பலக்காரர் போய் நின்றார். ஆவுடையா நடந்த அதே தடத்தில், அதே இடப்பக்கமாக, அவர் உள்ளே இல்லாமல் வெளியே ஓரத்தில் இருக்கும்படி திரும்பவும் நடந்தாள். அவர் பக்கத்தில் வந்ததும் நின்றாள். "இப்ப எந்தக் கை?"

நாங்கள் பார்த்தோம். எழுந்து நின்று பார்த்தோம். சிலர் தாங்களே ஒரு சுற்று நடந்து பார்த்தார்கள். அவளுடைய வலது கைப்பக்கம் அம்பலக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"சாமி நடுவுல இருக்கறதாலதான எம்பிள்ள சுத்துறது குத்தமாகுது? சாமியக் கரைக்கிக் கொண்டாந்துட்டா எத்தன சுத்து வந்தாலும் அவரு வலது கைக்கித்தான இருப்பாரு? அம்புட்டுக் காலமா நடுத்தண்ணியில ஒத்தையில கெடக்காரே, அவரும் கரைக்கி வந்து நாலு சனத்தப் பாக்கட்டும்" என்றாள் ஆவுடையா.

சாமியை இடம் மாற்றுவது விளையாட்டுக் காரியமா? பூசாரி, சாமியிடமே பூப்போட்டுக் கேட்டுவிடலாம் என்றார். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி கட்டி அய்யனார் காலடியில் வைப்பது. சிவப்பு வந்தால் சம்மதம், வெள்ளை வந்தால் கூடாது. மறுநாள் காலை ஊரே ஐஸின் மேல் நடந்து, முறையெல்லாம் பார்க்காமல், திட்டில் கூடியது. ராக்கு எல்லோருக்கும் பின்னால் நின்றாள். பூசாரி பொட்டலங்களை வைத்தார், கற்பூரம் காட்டினார், கண்ணை மூடி வேண்டினார், நாங்களும் கண்ணை மூடினோம். திறந்தபோது மாயழகுவின் கொம்பாடு ஒன்று கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு பொட்டலத்தை இலையோடு மென்றுகொண்டிருந்தது. அதன் வாயோரம் வெள்ளைப் பூ ஒட்டியிருந்தது. மிச்சமிருந்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார், சிவப்பு.

"இது கணக்குல சேராது, ஆடு அவுக வீட்டு ஆடு" என்றார் உடையப்பன்.

"ஏப்பா உடையப்பா, ரெண்டு பொட்டலமும் ஒரே மாரி இருக்கு. எதைத் திங்கணும்னு ஆட்டுக்கு யாரு சொன்னது? சாமி சொல்லியிருக்கு. கயித்தக் கொண்டாங்கப்பா" என்றார் அம்பலக்காரர்.

அய்யனாரை நாங்கள் கொண்டுவந்ததைப் பற்றிச் சொல்ல ஒரு கதை போதாது. கட்டைகள் கோத்து, வைக்கோல் பரப்பி, அதன் மேல் கல் அய்யனாரை ஏற்றி, தேர் வடம் பிடிப்பதைப் போலக் கயிற்றைப் பிடித்து, கனம் எப்படியும் நூறு ஆள் இழுக்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்து இழுத்தோம், அவரோ ஐஸின் மேல் பூப்போல வழுக்கிக்கொண்டு எங்களையும் முந்திக்கொண்டு போனார், இழுத்தவர்கள் எல்லோரும் மல்லாந்தோம், சாமி முன்னால் போக ஊர் பின்னால் சறுக்கிக்கொண்டு போனது, உடையப்பன் ஒருவர்தான் கயிற்றை விடவில்லை, வயிறு தேயக் கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தார், எழுந்து பார்த்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிழக்கு வளைவில் மருதமரத்தடியில் அய்யனாரை வைத்தோம், மண்குதிரைகளைப் பக்கத்தில் நிறுத்தினோம், பொங்கல் வைத்தோம். அன்றிலிருந்து ராக்கு இடமாகச் சுற்றினாள்.

பழகிய காலை மாற்றுவது லேசான காரியம் இல்லை. வலது கால் இடது காலுக்கு மேலே போக மறுத்தது, போனால் திரும்பி வர மறுத்தது. விழுந்தாள், முழங்கை கிழிந்தது, கன்னம் கிழிந்தது, முன்பல் ஒன்று உடைந்தது, நெல் கூலி வேண்டாம் என்று மாயழகு சொல்ல, நீங்கள் நெல்லையும் வாங்கிக்கொள்ளுங்கள் முறையையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்ல, நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் நாற்காலியை எடுத்துக்கொண்டு எழுந்து போக, மோர்ப்பானைக்காரர்கள் பானையைக் கரையோரம் நகர்த்தி வைக்க, ராக்கு விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, ஒரு மாசி மாதக் காலையில் விழாமல் சுற்றினாள். கிழக்கு வளைவில் வரும்போது மட்டும் அய்யனாரை நெருங்கிப் போக வேண்டும் என்று உள்ளோரத்தை விட்டுவிட்டு வெளியோரமாகப் போவாள். வீண் தூரம் என்று டோல்கர் போனில் திட்டினார். சாமியைத் தூரத்தில் விட்டுப் போகக் கால் வரவில்லை என்றாள் ராக்கு. அந்த ஒன்றை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை.

மலைநாட்டுப் போட்டியில் ஜெயித்தாள். அதற்கடுத்து நடந்ததிலும் ஜெயித்தாள். சில வருஷம் கழித்து ஒரு மாசி மாதத்தில், பேர் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்கிற ஒரு வடதேசத்து நகரத்தில், உலகப் போட்டியில் நின்றாள். அங்கே மத்தியானம், இங்கே வெயில் தாழ்ந்த நேரம். பள்ளிக்கூடத்து டிவியைக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுவந்து, அய்யனாருக்கும் தெரிகிற மாதிரி வைத்து, ஊரே உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் ராக்குவைவிட ஒரு முழம் உயரம். பிறந்ததிலிருந்து ஐஸில் நடந்த பெண்கள். ஆவுடையா டிவிக்கு முன்னால் அல்ல, பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்றாள்.

எல்லோரும் கூட்டமாகக் கிளம்புகிற ஓட்டம். துப்பாக்கி வெடித்தது. நேர்கோட்டில் ராக்கு முன்னால் போனாள், பிறகு பின்தங்கினாள், கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள், சுற்றுமேல் சுற்றாக அவளுக்கு முன்னால் முதுகுகள்தான். வளைவு வரும்போதெல்லாம் நாங்கள் அத்தனை பேரும் எங்களை அறியாமல் இடது பக்கம் சாய்ந்தோம், அம்பலக்காரர் உடையப்பன் மேல் சாய, உடையப்பன் பூசாரி மேல் சாய, பூசாரி மண்குதிரையில் முட்டிக்கொண்டார். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. எல்லோரும் தூரத்தைக் குறைக்க உள்ளோரத்தில் நெருக்கிக்கொண்டு போனார்கள், தோளோடு தோள் இடித்தது, இடம் இல்லை. ராக்கு என்ன செய்வாள்? அவளுக்குப் பழகிய கால் அவளை வெளியோரத்துக்குக் கொண்டுபோனது. அங்கே ஆளே இல்லை. உலகத்து ஐஸ் முழுக்க அவளுக்கென்று விட்டுவைத்தது மாதிரி திறந்து கிடந்தது. முதுகை வளைத்தாள், வலது காலை வீசிப் போட்டாள், ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், எங்களில் யாரோ "ஏ ஆத்தா! ஏ ஆத்தா!" என்று அலறினார்கள், கோட்டைத் தொடும்போது அவள் இரும்பு முனை முன்னால் இருந்தது.

அதற்குப் பிறகு டிவியில் என்ன காட்டினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, அதைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. கரையிலிருந்து அத்தனை பேரும் ஐஸில் இறங்கியிருந்தோம். வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள், சேலையை இழுத்துச் சொருகிய பெண்கள், கைக்குழந்தைகள், ஆடுகள், நிலம் உள்ளவர்கள், இல்லாதவர்கள், எல்லோரும் இடப்பக்கமாகச் சுற்றினோம், விழுந்து, உருண்டு, ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சுற்றினோம், அய்யனார் எங்கள் வலது கைப்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு யாருடைய முறை என்று உடையப்பனே கேட்கவில்லை.

ஆவுடையா ஓடி வந்த வேகத்தில் கால் வழுக்கி, ஐஸின் மேல் தடாலென்று உட்கார்ந்துவிட்டாள். மாயழகு பதறிப்போய்க் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள், உள்ளங்கையால் ஐஸைத் தடவிப் பார்த்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"விடுங்க. எம்பிள்ள இதுலதான விழுந்து விழுந்து எந்திரிச்சா. நானும் சித்த நேரம் இப்பிடியே உக்காந்துக்கிறேன்."

மாயழகு நின்று பார்த்தார். பிறகு அவரும் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.